அப்பா குடிக்கவே இல்லை: லோ சுகரும் டிரைவிங் லைசென்ஸும்

இந்த எபிசோடை வீட்டுல உக்காந்து கேக்குறவங்க நிதானமா கேளுங்க. வண்டி ஓட்டிக்கிட்டே கேக்குறவங்க மட்டும், காலையில சாப்டோமான்னு ஒரு தடவை யோசிச்சுக்கோங்க. ஏன்னு போகப் போகப் புரியும்.

எங்க ஊர் வில்லியனூர். பாண்டிச்சேரின்னா உங்களுக்கு மஞ்சள் சுவர், ராக் பீச், ஒரு கஃபே. நாங்க அதுக்கு மேற்கே, பத்து கிலோமீட்டர் உள்ளே. திருக்காமீஸ்வரர் கோயில், லூர்து மாதா கோயில் குளம், சுல்தான்பேட்டை, சுத்தி வயலும் கரும்பும். அம்மா பொறந்த ஊர் பாகூர். பெரிய ஏரி, அதை நம்பி நெல்லு. லீவு விட்டா அங்கதான் கிடப்போம்.

அப்பா டெம்போ டிரைவர். சென்னைக்காரங்களுக்குச் சொல்லணும்னா ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன் மாதிரி. வில்லியனூர் – பாண்டி, பாண்டி – வில்லியனூர், இருபத்தஞ்சு வருஷம்.

2011 ஜூன் மாசம். முகூர்த்த நாள், சவாரி நிறைய. அப்பாவுக்கு அப்போ 52 வயசு, சுகர் வந்து ஏழு வருஷம் ஆகியிருந்துச்சு. காலையில ஆறரைக்கு மாத்திரையைப் போட்டுட்டார். இட்லி வேகறதுக்குள்ள ஸ்டாண்டுல ஆள் சேர்ந்துடுச்சுன்னு போன். "வந்து சாப்டுக்கறேன்"னு கிளம்பிட்டார். மூணு டிரிப். நடுவுல ரெண்டு டீ, சர்க்கரை இல்லாத டீ. ஏன்னா அவர் சொன்ன பேச்சு கேக்குற பேஷண்ட்.

பத்தே முக்கால் மணி இருக்கும். அரும்பார்த்தபுரம் பக்கம் வண்டி மெதுவா இடது பக்கம் ஒதுங்க ஆரம்பிச்சிருக்கு. பிரேக் இல்ல, ஹாரன் இல்ல. யாரோ வீடு கட்ட கொட்டி வெச்சிருந்த மணல்ல ஏறி நின்னுடுச்சு. மணலுக்குப் பதிலா அங்க ஒரு ஸ்கூல் பையன் சைக்கிள்ல போயிருந்தா, இந்தக் கதையை நான் மைக் முன்னாடி உக்காந்து சொல்லிக்கிட்டிருக்க மாட்டேன்.

உள்ள எட்டு பேர். யாருக்கும் அடி இல்ல. இறங்கிப் பார்த்தா டிரைவர் ஸ்டியரிங்கைப் புடிச்சபடி உக்காந்திருக்கார். சட்டை முழுக்க வேர்வை. கேட்டா பேச்சு குழறுது. "ஒண்ணும் இல்ல, ஏறுங்க ஏறுங்க"ன்னு திரும்பத் திரும்ப அதையே சொல்றார். கூட்டம் கூடிடுச்சு. பாண்டிச்சேரியில தள்ளாடுற டிரைவரைப் பார்த்தா ஜனங்க என்ன நினைப்பாங்க? "காலையிலேயே ஏத்திக்கினு வந்துட்டான்யா." ஒருத்தர் கன்னத்துல ஒண்ணு விட்டார்.

எங்கப்பா வாழ்க்கையில ஒரு சொட்டு குடிச்சவர் கிடையாது. அவரோட அப்பா குடிச்சு அழிஞ்சதைப் பார்த்து வளந்தவர்.

அவரைக் காப்பாத்தினது வண்டியில வந்த ஒரு பூக்கார அம்மா. "யோவ், வுடுங்கய்யா அவரை. வாயை மோந்து பாரு, நாத்தம் வருதா? எங்க வூட்டுக்காரருக்கும் இப்டித்தான் வரும். சுகரு எறங்கிப் போச்சுய்யா." எதிர் டீக்கடையில நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டு, ஆத்தி, அவங்களே வாயில ஊத்தியிருக்காங்க. கால் மணி நேரம் கழிச்சு அப்பா, "எங்கம்மா நிக்கறோம்?"னு கேட்டாராம்.

அந்த அறை அவருக்கு ஞாபகம் இல்ல. எனக்கு இருக்கு, நான் பார்க்காத அந்த அறை. ரொம்ப நாளா என் மனசுல இருந்த கேள்வி இதுதான்: ஒரு பூக்கார அம்மாவுக்குத் தெரிஞ்சது, லைசென்ஸ் குடுக்குற சட்டத்துக்கும் மாத்திரை குடுத்த இடத்துக்கும் ஏன் தெரியல? தேடிப் போனா ஒரு நூறு வருஷக் கதை வந்துச்சு.

முதல்ல பேரைப் பாருங்க. இந்த நோய்க்குத் தமிழ்ல எத்தனை பேர்! நீரிழிவு, மதுமேகம், சர்க்கரை வியாதி, யாழ்ப்பாணம் பக்கம் போனா சலரோகம். எல்லாப் பேரும் ஒண்ணைத்தான் சொல்லுது: சிறுநீர் நிறையப் போகுது, இனிப்பா போகுது, சர்க்கரை கூடிடுச்சு. சர்க்கரை குறைஞ்சு போறதுக்கு ஊர்ல புழங்குற ஒரு பேர் இருக்கா? பாடப் புத்தகத்துல 'தாழ்சர்க்கரை'ன்னு இருக்கலாம். ஆனா எங்க தெருவுல 'லோ சுகர்', இல்லாட்டி 'சுகரு எறங்கிப் போச்சு'. அவ்வளவுதான்.

இது மொழியோட குறை இல்லைங்க. அந்தக் காலத்துல நீரிழிவுக்காரங்களுக்கு இந்தப் பிரச்சினையே பெருசா கிடையாது. உடம்பு தானா சர்க்கரையை அந்த அளவுக்கு இறக்கிக்கறது அபூர்வம். மருந்துதான் இறக்கும். அதாவது லோ சுகர்ங்கறது பெரும்பாலும் வைத்தியத்தோட நிழல். அந்த வைத்தியம் வந்ததே 1922-ல்தான்.

கனடாவின் டொராண்டோ. பேண்டிங், பெஸ்ட், மெக்லியாட், காலிப் என்று நாலு பேர். 1922 ஜனவரியில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடுகிறார்கள். 11-ஆம் தேதி போட்டது சரிவரவில்லை. காலிப் மருந்தைச் சுத்தம் செய்து கொடுத்த பிறகு 23-ஆம் தேதி போட்டது வேலை செய்தது. இந்தக் கதை நிறைய பேருக்குத் தெரியும். அதற்குள்ளே ஒளிந்திருக்கிற முயல்களின் கதை அவ்வளவாகத் தெரியாது.

காலிப் தயாரித்த மருந்தில் எவ்வளவு வீரியம் இருக்கிறது என்று எப்படி அளப்பது? முயலுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அளவு கூடினால் முயலுக்கு வலிப்பு வந்தது. குளுக்கோஸ் கொடுத்தால் எழுந்து உட்கார்ந்தது. ஆரம்பத்தில் இன்சுலினின் ஒரு 'யூனிட்' என்பதையே இப்படித்தான் வரையறுத்தார்கள்: 24 மணி நேரம் பட்டினி கிடந்த 2 கிலோ முயலின் ரத்தச் சர்க்கரையை, 4 மணி நேரத்துக்குள், வலிப்பு வருகிற அளவான 45 மில்லிகிராமுக்கு இறக்குகிற மருந்து. நம்ம வீட்டு ஃபிரிட்ஜ்ல இருக்குற இன்சுலின் பாட்டில்ல போட்டிருக்கே யூனிட்டுன்னு, அந்தச் சொல்லே முதல்ல லோ சுகரை வெச்சு அளந்ததுதான். கண்டுபிடிச்சவங்களுக்கு முதல் நாளிலேருந்தே ஆபத்து தெரிஞ்சிருக்கு. ஊசியை எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்தவங்களுக்குத்தான் தெரியல. இன்சுலினும் மோட்டார் காரும் ஒரே சமயத்துல ஊருக்குள்ள பரவினதுங்கறதை மறந்துடாதீங்க.

"எங்கப்பா ஊசி போடல, மாத்திரைதானே?"ன்னு நானும் கேட்டேன். மாத்திரைக்கும் ஒரு கதை இருக்கு. அது பிரெஞ்சுக் கதை. பாண்டிச்சேரிக்காரன் விட முடியுமா?

1942, தெற்கு பிரான்சின் மோன்பெலியே நகரம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. (நம்ம பாண்டிச்சேரி 1940-லேயே டி கோல் பக்கம் சேர்ந்துடுச்சு, அங்க விஷி ஆட்சி. இது சும்மா ஒரு தகவல்.) மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர் டைஃபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார். சிலருக்குக் காய்ச்சலோடு சம்பந்தமே இல்லாமல் வலிப்பு, மயக்கம். சிலர் இறந்தும் போனார்கள். பரிசோதித்தால் ரத்தத்தில் சர்க்கரை தரைமட்டத்துக்குப் போயிருந்தது. ஜான்போன் இதை அதே ஊரில் இருந்த ஒகஸ்த் லூபாத்தியேரிடம் சொல்கிறார். லூபாத்தியேர் நாய்களில் சோதித்து, இந்த மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, கணையத்தை எடுத்துவிட்டால் மருந்து வேலை செய்வதில்லை என்று காட்டினார். 1950-களில் இந்த வழியில் சுகர் மாத்திரைகள் சந்தைக்கு வந்தன. அறுபதுகளின் கடைசியில் வந்த கிளிபென்கிளமைடு இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். நம்ம ஊர் மருந்துக் கடைகளில் டாவோனில் என்று கேட்டால் கிடைக்கும்.

எங்கப்பா அன்னிக்கு வெறும் வயித்துல போட்டது அதேதான்.

இந்த மாத்திரையோட குணம் என்னன்னா, நீங்க சாப்டீங்களா இல்லையான்னு அது கேக்காது. கணையத்தைத் தட்டி எழுப்பிக்கிட்டே இருக்கும், அதுவும் ரொம்ப நேரத்துக்கு. வயசானவங்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவங்களுக்கும் இன்னும் நீளும். உலக சுகாதார நிறுவனம் 2013-ல் தன்னோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல, 60 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு இது பொருத்தமில்லைன்னு குறிச்சு, கிளிக்லசைடை முன்னால கொண்டு வந்துச்சு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடறவங்களுக்கு லோ சுகர் வர்றது ரொம்ப அபூர்வம். அதனால "சுகர் மாத்திரை சாப்பிடறேன்"னு பொதுவா சொல்றது பத்தாது. எந்த மாத்திரைங்கறதுதான் கேள்வி. இதை எங்க வீட்டுல ஏழு வருஷமா ஒருத்தருக்கும் யாரும் சொல்லல. "இனிப்பு சாப்பிடாதே"ன்னு மட்டும் எல்லாரும் சொன்னாங்க.

சரி, ரோட்டுக்கு வருவோம்.

இங்கிலாந்தில் 1962-ல் தீர்ப்பான ஒரு வழக்கு இருக்கிறது: வாட்மோர் எதிர் ஜென்கின்ஸ். சட்டம் படிக்கிறவர்களுக்குப் பழக்கமான பெயர். ஜென்கின்ஸ் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர். மஞ்சள் காமாலையிலிருந்து தேறிக்கொண்டிருந்த நேரம். கார் ஓட்டும்போது சர்க்கரை மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது. அப்படியே ஐந்து மைல் ஓட்டிப்போய், நின்றுகொண்டிருந்த ஒரு காரில் இடித்தார். ஐந்து மைல்னா எட்டு கிலோமீட்டர். வில்லியனூர்லேருந்து கிட்டத்தட்ட பாண்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும்னு வெச்சுக்கோங்க. கீழ் நீதிமன்றம், தன்னுணர்வில்லாமல் நடந்தது என்று அவரை விட்டுவிட்டது. உயர் நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து மைல் தூரம் முழுவதும் சுயநினைவே இல்லாமல் ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார் என்பதற்கு ஆதாரம் போதாது, ஆபத்தாக ஓட்டியது குற்றம்தான் என்றது.

இதைப் படிச்சப்ப எனக்கு அப்பாவோட "ஏறுங்க ஏறுங்க"தான் ஞாபகம் வந்துச்சு. லோ சுகர்ல மனுஷன் உடனே தொப்புன்னு விழறதில்ல. முதல்ல கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, பசி. அது உடம்பு அடிக்கிற மணி. அதைக் கவனிக்கலைன்னா அடுத்தது மூளைக்குப் போகுது. முடிவெடுக்க முடியாது, கோபம் வரும், பேச்சு குழறும், ஆனா கை பழகின வேலையைச் செஞ்சுக்கிட்டே இருக்கும். 'நான் நல்லாத்தான் இருக்கேன்'னு சொல்ற மூளைதான் அங்க கெட்டுப்போயிருக்கு. சுகர் வந்து பல வருஷம் ஆனவங்களுக்கு, அடிக்கடி லோ ஆகறவங்களுக்கு, அந்த மணியே அடிக்காம நேரா ரெண்டாவது கட்டத்துக்குப் போயிடும்.

ஒரு ஒப்பீடு சொல்றேன். நம்ம மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவுல, 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா குற்றம். லோ சுகர்னா அதே 100 மில்லி ரத்தத்துல சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ. ரெண்டும் ஒரே அளவுகோல். ஒண்ணை ஊதிப் பார்க்க ரோட்டோரம் மெஷின் வெச்சு நிக்கறாங்க. இன்னொண்ணைப் பத்தி யாரும் கேக்கறதே இல்ல. இதுல இன்னொரு கொடுமை: குடிச்சா, கல்லீரல் தன்கிட்ட இருக்குற சர்க்கரையை வெளியே விடறது தடைபடும். சுகர் மருந்து எடுத்துக்கிட்டு, சாப்பிடாம குடிக்கிறவங்களுக்கு ரெண்டும் சேர்ந்து வரும். வீக்எண்டுக்கு எங்க ஊருக்கு வர்ற நண்பர்கள் இதைக் குறிச்சுக்கலாம்.

உலகம் இதுக்கு என்ன பண்ணுச்சு? முதல்ல சுலபமான வழியைத்தான் எடுத்துச்சு: தடை. அமெரிக்காவில் 1970-ல் வந்த விதி, இன்சுலின் போடுகிறவர்கள் மாநில எல்லை தாண்டி லாரி, பஸ் ஓட்டக்கூடாது என்றது. பிரிட்டனில் 1991 முதல் இன்சுலின் போடுகிறவர்களுக்குக் கனரக வாகன லைசென்ஸ் இல்லை. பயம் நியாயமானதுதான். ஆனா தடைன்னு வந்தா மனுஷன் என்ன செய்வான்? மறைப்பான். பொழைப்பு போயிடும்னு ஊசியைத் தள்ளிப் போடுவான், டாக்டர்கிட்ட மயக்கத்தைச் சொல்ல மாட்டான். எங்க பாகூர் மாமா ஒருத்தர், கரும்பு லோடு டிராக்டர் ஓட்டினவர், இன்சுலின் ஆரம்பிச்சதை மொதலாளிக்குத் தெரியாம ரெண்டு வருஷம் வெச்சிருந்தார். அவரை எந்த விதியும் தடுக்கல. அவரா பயந்துக்கிட்டதுதான்.

தடையை உடைச்சது கருணை இல்ல, ஒரு மெஷின். ரொம்ப காலம் நம்மகிட்ட இருந்தது பெனடிக்ட் சோதனைதான். சிறுநீரை நீலக் கரைசல்ல ஊத்திக் காய்ச்சினா பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம்னு மாறும். 1948-ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மா. விஸ்வநாதன் இந்தியாவின் முதல் நீரிழிவு கிளினிக்கை ஆரம்பித்த காலத்தில் நோயாளிகளுக்குத் தெரிந்ததெல்லாம் இந்த நிறங்கள்தான். இதுல ஒரு சிக்கல் உண்டு. சர்க்கரை கூடினா நிறம் மாறும். குறைஞ்சா? நீலம் நீலமாவே இருக்கும். நல்லா இருக்குற மனுஷனுக்கும் நீலம், மயங்கி விழப்போறவனுக்கும் நீலம். அந்தச் சோதனைக்கு லோ சுகர்னா என்னன்னே தெரியாது.

விரல் நுனி ரத்தத்தில் அளக்கும் முதல் கையடக்க மீட்டர் 1970-ல் அமெரிக்காவில் வந்தது. கையடக்கம்னு சொல்றேனே தவிர, ஒரு கிலோவுக்கு மேல கனம். அது டாக்டர்களுக்கு மட்டும். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற எஞ்சினியர், தானே நீரிழிவு நோயாளி, மனைவி டாக்டர் என்பதால் அவர் பேரில் ஒன்று வாங்கித் தன்னையே அளக்க ஆரம்பித்தார். நோயாளி தன் கையில் மீட்டர் வைத்திருப்பது என்ற பழக்கம் இப்படிப்பட்ட பிடிவாதக்காரர்களிடம் இருந்துதான் பரவியது. மீட்டர் கைக்கு வந்ததும் கேள்வி மாறிப்போச்சு. 'உனக்கு இந்த நோய் இருக்கா?'ன்னு கேட்டது போய், 'இப்ப, சாவியைத் திருப்பறதுக்கு முன்னாடி, உன் எண் என்ன?'ன்னு ஆச்சு.

அமெரிக்கா 2003-ல் விலக்குத் திட்டம் கொண்டுவந்து, 2018 நவம்பரில் அந்தப் பொதுத் தடையையே எடுத்தது. கடைசி மூணு மாச மீட்டர் பதிவைக் காட்டணும், வைத்தியம் பார்க்கிற டாக்டர் எழுதிக் கொடுக்கணும். பிரிட்டன் 2011 நவம்பரில் லாரி, பஸ் ஓட்ட அனுமதித்தது. தினமும் ரெண்டு தடவையாவது பரிசோதனை, வண்டி ஓட்டாத நாளிலும். வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவ ஆய்வு. எங்கப்பா அறை வாங்கினது அதே 2011 ஜூன்.

இப்ப நம்ம ஊர் சட்டம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், அதுக்கான 1989 மத்திய விதிகள். லைசென்ஸ் எடுத்த எல்லாரும் படிவம் 1-ல கையெழுத்துப் போட்டிருப்பீங்க, படிச்சிருக்க மாட்டீங்க. வலிப்பு இருக்கா, எந்தக் காரணத்தாலயாவது திடீர்னு மயக்கமோ தலைசுத்தலோ வருமா, 25 மீட்டர்ல நம்பர் பிளேட் தெரியுமா, மாலைக்கண் இருக்கா, பொதுமக்களுக்கு ஆபத்து வர்ற மாதிரி வேற நோய் ஏதாவது இருக்கா. நீரிழிவுங்கற சொல் அதுல இல்ல. 40 வயசு தாண்டினவங்களுக்கும், வாடகை வண்டி ஓட்டறவங்களுக்கும் டாக்டர் தர்ற படிவம் 1ஏ உண்டு. கண், நிறம், காது, கை கால். அதுல ரத்த வகை எழுத ஒரு இடம் உண்டு, விருப்பம் இருந்தா. ரத்தச் சர்க்கரைக்கு இடம் இல்ல.

இத்தனைக்கும் 2023-ல் 'லான்செட்' குழும இதழில் வந்த ஐ.சி.எம்.ஆர். – இண்டியாப் ஆய்வு, நாடு முழுக்க 1,13,043 பேரைப் பரிசோதித்து, இந்தியாவில் நீரிழிவு 11.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3 சதவீதம் என்றது. முதலிடம் கோவா, 26.4. வெறும் புள்ளி ஒண்ணுல கோட்டை விட்டோம். இதை ஒரு டெம்போவுக்குள்ள வெச்சுப் பாருங்க. எட்டு பயணி, ஒரு டிரைவர். சராசரியா அதுல ரெண்டு பேருக்கு சுகர். டிரைவர் அந்த ரெண்டுல ஒருத்தரான்னு கேக்க நம்மகிட்ட ஒரு படிவம் இல்ல.

படிவத்துல நீரிழிவுன்னு ஒரு வரி சேர்த்துட்டா சரியாயிடுமான்னா, எனக்குச் சந்தேகம். கேள்வி மட்டும் வந்து, 'ஆமா'ன்னு எழுதினா என்ன நடக்கும்னு தெரியலைன்னா, ஒருத்தரும் ஆமான்னு எழுத மாட்டாங்க. நிறக்குருடு விஷயத்துல 2020-ல் விதியை மாத்தினாங்க. லேசான, நடுத்தர அளவு உள்ளவங்க ஓட்டலாம், கடுமையா இருந்தா கூடாதுன்னு. நோயோட பேரைப் பார்க்காம அளவைப் பார்க்கறது நமக்கும் தெரியும். சுகருக்கு அதைச் செய்யல, அவ்வளவுதான். அது வரைக்கும் டிரைவர் தன்னைத்தானே பார்த்துக்கணும். ஸோ, பிரிட்டன்ல டிரைவருக்குச் சொல்லித் தர்றதை நம்ம கணக்குல சொல்றேன்.

இது இன்சுலின் போடறவங்களுக்கும், அப்பா சாப்பிட்ட மாதிரி கணையத்தைத் தூண்டற மாத்திரை சாப்பிடறவங்களுக்கும். அங்க 'அஞ்சு இருந்தா ஓட்டு'ம்பாங்க. அவங்க அலகுல அஞ்சுன்னா நம்ம 90 மில்லிகிராம். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை, நீண்ட பயணம்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அளக்கணும். 90-க்குக் கீழன்னா ஏதாவது சாப்பிட்டுட்டுதான் கிளம்பணும். 70-ஐ ஒட்டியோ கீழயோ இருந்தா, ஓட்டவே கூடாது. ஓட்டும்போது நடுக்கமோ வேர்வையோ வந்தா, 'அடுத்த ஸ்டாப் வரைக்கும்'னு நினைக்காம ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துட்டு டிரைவர் சீட்டை விட்டு நகர்ந்துடணும். 15 கிராம் வேகமான சர்க்கரை, அதாவது மூணு ஸ்பூன் குளுக்கோஸ் தண்ணியில. சாக்லேட் வேண்டாம், அதுல இருக்குற கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி அளக்கணும். ஏறலைன்னா இன்னொரு தடவை குளுக்கோஸ். ஏறினதும் பிஸ்கட்டோ சாப்பாடோ. அளவு 90-ஐத் தாண்டின பிறகும் முக்கால் மணி நேரம் ஓட்டக் கூடாது. இதுதான் யாரும் கேக்க மாட்டாங்க. மீட்டர்ல எண் ஏறினாலும் மூளை தெளிய நேரம் ஆகும்.

நம்ம ஊருக்குன்னு ரெண்டு விஷயம் சேர்த்துக்கணும். வோக்லிபோஸ் மாத்திரை இங்க நிறைய பேர் சாப்பிடறாங்க. அது, நாம டீயில போடற சர்க்கரை குடல்ல உடையறதைத் தடுக்கும். அவங்களுக்கு லோ ஆனா டீச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடரேதான் வேணும். இன்னொண்ணு விரதம். வில்லியனூர்ல ரம்ஜான் நோன்பு, தவக்காலம், சனிக்கிழமை விரதம், அமாவாசை, எல்லாமே உண்டு. விரதத்துல எதுவும் தப்பில்ல. விரதத்தன்னிக்கு வழக்கமான மாத்திரையைப் போட்டுட்டு வண்டி எடுக்கறதுதான் தப்பு. முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேட்டா அளவை மாத்திக் குடுப்பாங்க.

கண்ணு, காலும் இருக்கு. விழித்திரை பழுதானா ராத்திரி எதிர் லைட்ல ஒண்ணும் தெரியாது, கால் மரத்துப் போனா பெடல் தெரியாது. அது தனி எபிசோடுக்கான சமாச்சாரம்.

பாகூர் மாமா இப்ப ஓட்டறதில்ல. ஆனா அவர் மீட்டர் இன்னும் டிராக்டர் டூல்ஸ் பெட்டியிலதான் இருக்கு, ஸ்பானரோட. அப்பாவுக்கு அந்த மாத்திரையை மாத்தினாங்க. ஒரு ஸ்ட்ரிப் இருபது ரூபாய் வாக்குல ஆச்சு. "ஒரு டிக்கெட் காசுடா"ன்னு முதல்ல முனகினார். அப்புறம் காலையில முதல் சவாரிக்கு முன்னாடி விரலைக் குத்திப் பார்க்கறது டீசல் பார்க்கற மாதிரி ஆயிடுச்சு. சீட்டுக்கு அடியில ஒரு குளுக்கோஸ் டப்பா. அந்தப் பூக்கார அம்மாகிட்ட அப்பா அதுக்கப்புறம் டிக்கெட் வாங்கினதே இல்ல. அவங்க குடுக்காம இறங்கினதும் இல்ல.

அடுத்து லைசென்ஸ் புதுப்பிக்கப் போனோம். அப்பாவுக்கு எழுத்து கொஞ்சம் சிரமம். படிவத்தை நான்தான் நிரப்பினேன். 'எந்தக் காரணத்தாலயாவது திடீர் மயக்கமோ தலைசுத்தலோ வருமா?' பேனாவை வெச்சுக்கிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வெளியே நின்ன டெம்போவைப் பார்த்துக்கிட்டிருந்தார். ரெண்டு தங்கச்சிங்க படிச்சுக்கிட்டிருந்தாங்க. 'இல்லை'ன்னு எழுதினேன்.

"என்ன எழுதின?"ன்னு கேட்டார்.

சொன்னேன். ஒண்ணும் சொல்லல. திரும்பி வர்ற வழியில என்னைத்தான் ஓட்டச் சொன்னார்.